தேரையும் வண்ணத்துப்பூச்சியும்

கல்வராயன் மலைப் பக்கத்தில் நீல வரியன் என்றொரு வண்ணத்துப்பூச்சி உண்டு. கரிய சிறகுகளில் வெளிர்நீலக் கோடுகள் கொண்டது. பருவமழையை ஒட்டிக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே பெருங்கூட்டமாக இடம்பெயரும் இனங்களுள் இதுவும் ஒன்று. அதனைக் கண்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் கைகொட்டி மகிழ்வர். கிணற்றடியில் தேரையைக் கண்டாலோ முகம் சுளிக்கிறோம், விளக்குமாற்றால் தள்ளுகிறோம். தொட்டால் மரு வரும் என்று பிள்ளைகளை அச்சுறுத்தியும் வைத்திருக்கிறோம். மரு வருவது வைரஸ் கிருமியால். தேரைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நம் ஆகமம் இவ்விரண்டையும் எங்கே வைத்திருக்கிறது? வண்டு, தும்பி ஆகியவற்றோடு வண்ணத்துப்பூச்சி நான்கறிவுயிர். தேரையோ செவிப்புலனும் பெற்ற ஐயறிவுயிர். நாம் கொண்டாடுவது கீழ்ப்படியிலும், அருவருப்பது மேற்படியிலும் நிற்கின்றன. (சில வண்ணத்துப்பூச்சிகளின் முன்சிறகடியில் ஒலியுணரும் நுண்ணுறுப்பு உண்டென இக்கால உயிரியலார் கூறுவர். அதனால் பூச்சியின்பால் நம் பரிவு கூடுமேயன்றித் தேரையின் நிலை தாழாது.)

தேரையின் கண்ணுக்குப் பின்னுள்ள சுரப்பியில் நஞ்சு உண்டு. ஆயினும் அது எவரையும் துரத்திச் சென்று தீண்டுவதில்லை; கவ்வ வரும் நாய்க்கே கேடு. நீல வரியனும் கிலுகிலுப்பை முதலிய செடிகளிலிருந்து நச்சுப்பொருளைச் சேர்த்தே பறவைகளிடமிருந்து தப்புகிறது. 'தேரை பூச்சிகளைத் தின்கிறதே, அது இம்சையன்றோ?' எனச் சிலர் வினவுவர். விரதம் ஏற்றவர் நாமா, தேரையா?

இராசகிருகத்தில் ஒரு பூவோடு பகவானை வணங்கச் சென்ற தவளையைச் சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் வழிபாட்டிற்கு எடுத்துக்காட்டாக வைத்தார். வழியில் யானையின் காலடியில் மிதியுண்டு இறந்து, அது தேவனாய்ப் பிறந்தது என்பது கதை. காலடியில் கிடப்பது யானைக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

பிரமத்தத்தால், அதாவது கவனமின்மையால், உயிரைப் போக்குதலே இம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். இருளில் சிற்றுயிர் உணவில் விழுமென்று அஞ்சி இரவுணவை விலக்கிய மரபினர் நாம். திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதரை வணங்கிவிட்டு, மழை பெய்த இரவில் உளுந்தூர்ப்பேட்டைச் சாலையில் வண்டியை விரட்டி வருகிறோமே, அப்பொழுது சக்கரத்தின் கீழ் நசுங்கும் தேரைகள் எத்தனை? இரை தேடவும் இணை தேடவும் அவை வெளிவரும் நேரம் அதுவே. பொழுது சாயுமுன் புறப்படுதல் பெரும்பாலோர்க்கு இயலக்கூடியதே. இயலாதபோது மெல்லச் செலுத்தலாம். வீட்டினுள் புகுந்துவிட்ட தேரையை முறத்தில் ஏந்திச் சென்று தோட்டத்து ஈர நிழலில் விடலாம்.