தேய்ந்த காசில் தீர்ந்த கடன்

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தல் அறம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் எதைத் திருப்பிக் கொடுத்தால் கடன் தீரும் என்று கேட்டால் விடை அத்துணை எளிதன்று. ஐயாயிரம் ரூபாய் வாங்கியவர் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே ஐயாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டால் அவர் கடன் தீர்ந்தவர்தாமா? எண் தவறவில்லை. ஆயினும் அந்த எண்ணுக்குள் இருந்த அரிசியும் துணியும் பொன்னும் அப்படியே திரும்பி வந்தனவா?

விலைவாசி ஏற்றத்திலிருந்து நம் சேமிப்பைக் காப்பது எப்படி என்று நாளும் பேசிக்கொள்கிறோம். பொன் வாங்கலாமா, வங்கியில் போடலாமா, பங்குச் சந்தையை நம்பலாமா என்று கேட்காத வீடில்லை. இப்பேச்சில் விடுபட்டுப்போகும் அறக்கேள்வி ஒன்றினை இங்கே எண்ணிப்பார்க்க விழைகிறேன். பிறர் வீட்டுக் கதை எதற்கு? என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நான்கு சவரன் சங்கிலி

என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து அன்றைய பம்பாய்க்கு வந்து, துணி ஆலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்து, தாராவியில் குடியேறியவர். 1982 ஜனவரி 18-ஆம் நாள் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் இந்நகரின் வரலாற்றையே மாற்றியது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர் அதில் ஈடுபட்டனர். அவர்களுள் பல்லாயிரவருக்கு ஆலைக் கதவு மீண்டும் திறக்கவேயில்லை. என் தந்தையாரும் அவர்களுள் ஒருவர்.

வருவாயின்றி ஓராண்டு கழிந்தபின் 1983-இல் அவர் ஊருக்குச் சென்றார். அவருடைய தமக்கையார், அதாவது என் அத்தை, தம் கழுத்திலிருந்த நான்கு சவரன் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்தார். "வித்துப் பொழச்சுக்கோ தம்பி, முடிஞ்சப்போ குடு" என்றாராம். அந்தக் கடனுக்கு அதுவே பத்திரம், அதுவே சாட்சி. சங்கிலி ஐயாயிரம் ரூபாய்க்கு விலை போயிற்று. அப்பணத்தில் மாவரைக்கும் எந்திரமும், இட்டலிக் கொப்பரைகளும், பழைய மிதிவண்டி ஒன்றும் வீட்டிற்கு வந்தன. அன்னையார் விடியற்காலையில் அவித்த இட்டலியைத் தந்தையார் மாட்டுங்காத் தெருக்களிலே விற்று வந்தார். நான் பி.ஏ. படித்ததும், மைய அரசு அலுவலகமொன்றில் எழுத்தனாய் அமர்ந்ததும் அந்த இட்டலியின் பயன். அஃதாவது, அந்தச் சங்கிலியின் பயன்.

1996-இல் தந்தையார் என்னையும் அழைத்துக்கொண்டு ஊருக்குச் சென்றார். அத்தையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நூறு ரூபாய்த் தாள்கள் ஐம்பதினை எண்ணிக் கொடுத்தார். "கணக்கு நேராயிருச்சுக்கா" என்று சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. அத்தை எண்ணிப் பார்க்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு எங்களுக்குக் காப்பி போட எழுந்து சென்றார். பதின்மூன்று ஆண்டுகளாகச் சுமந்த பாரத்தை இறக்கிய நிறைவு தந்தையாரின் முகத்தில் தெரிந்தது.

அவ்வாண்டின் இறுதியில் அத்தையின் மகளுக்குத் திருமணம். அன்று சவரன் சுமார் மூவாயிரத்து எழுநூறு ரூபாய். நாங்கள் கொடுத்த பணத்தில் ஒன்றரைச் சவரன்கூட வாங்க இயலவில்லை. எஞ்சிய நகைக்கு அத்தை வயலின் ஒரு பகுதியை ஒற்றிக்கு வைத்தார் என்பதை நெடுநாள் கழித்தே அறிந்தேன். அத்தை அதனை ஒருவரிடமும் சொல்லவில்லை.

எழுத்தனின் கணக்கு

என் அலுவலகப் பணிகளுள் ஒன்று அகவிலைப்படி நிலுவைப் பட்டியல் தயாரிப்பது. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இருமுறை இப்படி கணக்கிடப்படுகிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி 2016-இல் சுழியிலிருந்து தொடங்கியது, 2024 ஜனவரியில் 50 விழுக்காட்டைத் தொட்டது. இதன் பொருள் யாது? ஊதியத்தின் எண் மாறாதிருந்தால் போதாது, அதன் மதிப்பும் குறையாதிருக்க வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது என்பதுதான்.

இந்த உரிமையில் கை வைக்கப்பட்டபோதெல்லாம் ஊழியர் மனம் நொந்ததுண்டு. விலைவாசி கட்டுமீறி ஏறிய 1974-இல், கூடுதல் அகவிலைப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்து வைக்கச் சட்டம் வந்தது. அத்தொகை பின்னர் வட்டியுடன் தவணைகளில் திரும்பியது என்றாலும், மூத்த ஊழியர்கள் அதனை மறக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை, பதினெட்டு மாதங்களுக்கு உயர்வு நிறுத்தி வைக்கப்பட்டது. அப்போது நானும் மதிய உணவு வேளையில் நண்பர்களோடு அமர்ந்து, இழந்தது எவ்வளவு என்று ரூபாய் சுத்தமாய்க் கணக்கிட்டேன்.

அப்படிக் கணக்கிட்ட ஒரு நாளில்தான் அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. பதினெட்டு மாதத் தேய்வுக்கு இத்தனை நொந்துகொள்ளும் நான், பதின்மூன்று ஆண்டுத் தேய்வை ஒரு சொல்லும் இன்றி முந்தானையில் முடிந்துகொண்ட பெண்மணியை எண்ணிப் பார்த்ததுண்டா? எனக்கு நியாயமானது அத்தைக்கு மட்டும் எப்படி நியாயமில்லாமற் போகும்?

அன்று மாலை ஒரு தாளை எடுத்து மூன்று வகையாகக் கணக்கிட்டேன். முதலாவது, வருமான வரித்துறை மூலதன ஆதாயத்திற்காக வெளியிட்ட பணவீக்கக் குறியீடு. 1981-82-ஐ 100 என்று கொண்ட அக்குறியீடு 1983-84-இல் 116; 1996-97-இல் 305. அதன்படி 1983-இன் ஐயாயிரம், 1996-இல் சுமார் பதின்மூவாயிரத்து நூற்றைம்பதாகிறது. இரண்டாவது, அரசுச் சேமிப்பு வட்டி. அக்காலத்தில் அஞ்சலகத்தின் நீண்டகாலச் சேமிப்புகள் பத்து விழுக்காட்டிற்கு மேலும் வட்டி தந்தன. பத்து என்றே கொண்டு கூட்டு வட்டி போட்டால் பதினேழாயிரத்து இருநூற்றுக்கு மேல் வருகிறது. மூன்றாவது, பொன். நான்கு சவரனின் அன்றைய விலை பதினைந்தாயிரத்தை ஒட்டியது. மூன்று அளவைகளும் பதின்மூன்றுக்கும் பதினெட்டுக்கும் இடையே நிற்கின்றன. நாங்கள் கொடுத்த ஐயாயிரம் மட்டுமே தனித்து நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்தின் கண்ணில் என் தந்தையார் கடன் தீர்த்தவரே. ரூபாய்த் தாளில் ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி இத்தனை ரூபாய் என்பதைப் பற்றியதே. இத்தனை படி அரிசி என்பதைப் பற்றியதன்று. நாள்தோறும் அளவைக் கோலையே மாற்றிக்கொண்டிருந்தால் கொடுக்கல் வாங்கல் நடைபெற இயலாது. ஆதலின் எண்ணுக்கு எண் என்பதே பொதுவிதியாயிற்று.

எனினும் தேய்வு எல்லை மீறியபோது சட்டமே இறங்கி வந்ததுண்டு. ஜெர்மனியில் 1923-இல் மார்க்கு நாணயம் வெறும் தாளாகிப் போயிற்று. அடமானக் கடன்களை அத்தாள் கொண்டு அடைத்தது செல்லாது என்று உரியோர் முறையிட்டனர். நன்னம்பிக்கைக்கு மாறான தீர்ப்பு நீதியாகாது என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் கருதியது. 1925-ஆம் ஆண்டுச் சட்டம் அடமானக் கடன்களுக்குப் பழைய பொன்மதிப்பில் கால் பங்கினை மீட்டுத் தந்தது.

தமிழர் வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. மலாயாவில் வட்டித்தொழில் செய்த நகரத்தார் பலர், 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானிய ஆட்சியில், வாழைமரப் படம் போட்ட நோட்டுகளாகவே பழைய கடன்களைத் திரும்பப் பெற்றனர். போர் முடிந்ததும் அந்நோட்டுகள் குப்பையாயின. 1948-இல் வந்த கடனாளர் பற்றிய அவசரச் சட்டம், ஆட்சியின் பிற்பகுதியில் அந்நோட்டால் அடைக்கப்பட்ட பழைய கடன்களை நோட்டின் தேய்வுக்கேற்ப மறுமதிப்பீடு செய்ய வழிவகுத்தது. எண்ணுக்கு எண் என்ற விதிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதே இவற்றால் பெறப்படும் உண்மை.

வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் துலாக்கோலை உவமை காட்டுகிறார். வாணிகரையும் அங்கேயே பேசுகிறார். பிறர் பொருளைத் தம் பொருளைப் போலக் கருதுவதே அவர் வணிகருக்கு வகுத்த நெறி. அத்தையின் சங்கிலியை நாங்கள் எங்கள் சங்கிலியைப் போலக் கருதியிருந்தால், 1996-இல் ஐயாயிரத்தோடு நின்றிருப்போமா?

காத்தலும் கவர்தலும்

இனிச் சேமிப்பைப் பற்றிச் சில சொற்கள். விலைவாசி ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஏறினால், பெட்டியில் பூட்டி வைத்த பணத்தின் வாங்கும் ஆற்றல் பன்னிரண்டு ஆண்டுகளில் பாதியாகிவிடும். ஆதலால் சேமிப்பைத் தேயவிடாமல் காப்பது பேராசையன்று. குடும்பத்தாருக்கு நாம் ஆற்ற வேண்டிய கடமை. 2004-க்குப் பின் பணியில் சேர்ந்த என் போன்ற ஊழியர்களின் ஓய்வூதியமும் புதிய திட்டத்தால் சந்தையோடு பிணைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் உறுதியளிக்கப்பட்ட ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தபோது, எதைத் தேர்வது என்று வீடுதோறும் விவாதம் நிகழ்ந்தது.

ஆனால் தேய்வுக்கு அஞ்சியவனே ஏமாற்றுக்கு எளிதில் இரையாகிறான். 1990-களில் தமிழ்நாட்டின் நிதி நிறுவனங்கள் பல, வங்கிகள் கனவிலும் தராத வட்டியைக் காட்டி ஓய்வு பெற்றோரின் பணத்தைத் திரட்டி மூழ்கடித்தன. வைப்பாளர் நலன் காக்க 1997-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. பாதுகாப்பின் மறுபெயரென்று நடுத்தர மக்கள் நம்பிய யூ.எஸ்.64 திட்டம் 2001 ஜூலையில் திரும்பப் பெறுதலை நிறுத்தியது. பொன்னும் எந்நாளும் ஏறுமுகமன்று. 2013-இல் உலகச் சந்தையில் அதன் விலை ஓராண்டில் கால் பங்கிற்கு மேல் சரிந்தது. ஆகவே விரைவில் தேவைப்படும் பணத்தை வங்கியிலும் அஞ்சலகத்திலும் வைத்து, நெடுநாள் தேவைக்குரியதைப் பலவற்றில் பகிர்ந்து வைப்பதே எளியோர்க்கு ஏற்ற வழி. காக்க எண்ணுபவனுக்குத் தேய்வை ஈடுசெய்யும் வட்டி போதும். அதற்கு மேல் எவரேனும் வாக்களித்தால், அங்கே காத்தல் முடிந்து கவர்தல் தொடங்குகிறது என்று அறிக.

இதனினும் நாம் எண்ண வேண்டியது மற்றொன்றுண்டு. வங்கியில் உள்ள பணத்திற்கு வட்டி கேட்கிறோம். அலுவலகத்தில் படி கேட்கிறோம். ஆனால் புலம்பெயர்ந்து இந்நகருக்கு வந்த குடும்பங்களின் முதல் மூலதனம் எது? ஊரிலிருந்த அக்காளின் சங்கிலி, அண்ணனின் காளைமாடு, மைத்துனரின் சீட்டுப்பணம். அவர்கள் பத்திரம் எழுதி வாங்கவில்லை. ஆகவே தேய்வையும் அவர்களே சுமந்தனர். எத்தனையோ வீடுகளில் அக்கடன்கள் எண்ணளவில் தீர்ந்திருக்கின்றன, மதிப்பளவில் நிற்கின்றன.

தந்தையார் தவறிழைத்தார் என்று நான் கூறவில்லை. அவர் கொடுத்த ஐயாயிரம் அன்று அவரிடமிருந்த சேமிப்பு முழுவதுமாகும். எண்ணே மதிப்பு என்று நம்பிய தலைமுறை அது. அறியாதவருக்குப் பழியில்லை. அறிந்துகொண்ட எனக்கு அந்தச் சாக்கு இல்லை.

எந்த அளவையால் ஈடு செய்வது என்று நானும் என் துணைவியாரும் பல நாள் பேசினோம். குறியீட்டின்படி கொடுத்தால் எங்கள் கைக்கு எளிது. பொன்னின்படி என்றால் கடினம். 2025-இல் சவரன் எண்பதாயிரத்தைக் கடந்துவிட்டது. "அத்தை நமக்குக் குறியீடா கொடுத்தாங்க? பொன்தானே கொடுத்தாங்க?" என்றார் துணைவியார். அதற்குமேல் என்னிடம் வாதமில்லை. மாதந்தோறும் அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு சவரன் வாங்கிக்கொண்டு ஊருக்குச் சென்றோம்.

எண்பதைக் கடந்த அத்தை முதலில் வாங்க மறுத்தார். "ஒங்கப்பன் எப்பவோ கொடுத்துட்டானேய்யா" என்றார். குறியீட்டெண்ணையும் கூட்டு வட்டியையும் சொல்லிப் பார்த்தேன், அவருக்கு விளங்கவில்லை. இறுதியில், "இது சங்கிலியில் ஒரு கண்ணி, மிச்சம் இன்னும் இருக்கு அத்தை" என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு அதை வாங்கிப் பேத்தியிடம் கொடுத்து, "பத்திரமா வையி, இது என் சங்கிலி" என்றார். அத்தனை ஆண்டுகளாக அவர் அந்தச் சங்கிலியை மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எஞ்சியதற்கு இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அத்தைக்கு ஆயுள் வேண்டும் என்பதே என் வேண்டுதல். அன்பர்களே, அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் பயணச்சீட்டு எடுக்குமுன், வீட்டிலுள்ள பழைய கணக்கு நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தீர்ந்துவிட்டதென்று கோடிட்ட வரிகளுள் ஒன்றேனும் தீராமல் இருக்கக்கூடும்.