காட்டிய வீடும் தேடிய வீடும்

பாழடைந்த வீடுகளைத் திருத்திப் புதுப்பித்துக் காட்டும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் எனக்கிருந்த பைத்தியம் வீட்டாருக்குத் தெரியும். நிகழ்ச்சி முடிந்த பிறகு அந்த வீடு உண்மையில் எந்தத் தெருவில் நிற்கிறதென்று நான் தேடித் திரிந்தது மட்டும் எவருக்கும் தெரியாது.

2013 முதல் 2018 வரை எச்.ஜி.டி.வி. அலைவரிசையில் ஓடிய 'பிக்ஸர் அப்பர்' தொடர்தான் என்னைக் கெடுத்தது. டெக்ஸாஸ் மாநிலத்தின் வேக்கோ நகரிலும் அயலிலும் சிப் கெய்ன்ஸ், ஜொஆனா கெய்ன்ஸ் தம்பதியர் வீடுகளைத் திருத்துவார்கள். மரமொன்றின் வளைவு, எதிர்வீட்டுக் கூரை, தூரத்தே தெரியும் நீர்த்தாங்கி என்று அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, கூகுளின் 'ஸ்ட்ரீட் வியூ'வில் தெருத்தெருவாக நகர்ந்தேன். ஓர் இரவு அகப்பட்டது. இருபக்கத்து வீடுகளும் தெளிவாகத் தெரிந்தன. நடுவிலே சாம்பல் நிறத்தில் ஒரு கலங்கல்.

குடியிருப்பவர் கேட்டுக்கொண்டால் வீட்டின் படத்தைக் கூகுள் மங்கலாக்கிவிடும். ஒருமுறை மங்கலாக்கியதை மீண்டும் தெளிவாக்க முடியாது. அந்த வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, கோபம். உலகத்துக்கே படுக்கையறை வரை திறந்து காட்டியவர்களுக்கு இப்போது என்ன மறைவு? நான் மதில் ஏறவில்லை, கதவைத் தட்டவில்லை, பொதுத் தெருவில்தானே நின்றேன்? மேலும், 2015இல் கெய்ன்ஸ் தம்பதியர் வேக்கோவின் பழைய பருத்தி எண்ணெய் ஆலை வளவில் தமது பெரிய கடையைத் திறந்த பின்னர் உல்லாசப் பயணிகள் அங்கே குவிந்தார்கள். தொடரில் வந்த வீடுகள் சிலவற்றை உரிமையாளர்களே நாள் வாடகைக்கு விட்டார்கள். விற்பவரிடம் பார்ப்பவன் கூச்சப்பட வேண்டுமா?

அந்தச் சிலர் விற்றார்கள் என்பதற்காக, விற்காதவரின் வாசலும் எனக்குத் திறந்ததாகிவிடுமா என்பதுதான் அந்தக் கோபத்துக்கு விடை தெரியாத இடம். புதுவீடு குடிபுகும் நாளில் நாமும் ஊரையே அழைத்து அறை அறையாகக் காட்டுகிறோம். அன்று வந்து குசினி வரை பார்த்தவர், அடுத்த மாதம் ஜன்னலடியில் நின்று எட்டிப் பார்த்தால் "அன்றே காட்டினீர்களே" என்று சொல்லித் தப்ப முடியாது. அழைப்புக்கு ஒரு நாளுண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ஒளிபரப்புக்குத்தான் சம்மதித்தார். என்னைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

அத்தோடு, நான் தேடிய வீடு அங்கே இல்லவும் இல்லை. தொடரில் பங்குபற்றியவர்களே சொன்ன கதை இது: வீட்டை முன்பே வாங்கியவர்களைத்தான் தெரிவு செய்தார்கள், 'எந்த வீட்டை எடுப்பது' என்று அவர்கள் யோசிக்கும் காட்சி நமக்காக நடந்தது. இறுதியில் நம்மை மயக்கும் தளபாடங்களிலும் பெரும்பகுதி, விலை கொடுத்து வாங்காவிட்டால், படப்பிடிப்பு முடிந்ததும் திரும்பிப் போய்விடும். லொஸ் ஏஞ்சலிஸின் ஸ்ரூடியோ சிற்றியிலுள்ள 'பிராடி பன்ச்' வீட்டில் இது தலைகீழாக நடந்தது. 1969 முதல் 1974 வரை ஓடிய அந்த நாடகத்தில் வெளித்தோற்றம் மட்டுமே அந்த வீட்டினுடையது; உள்ளறைகள் ஸ்ரூடியோவில் கட்டியவை. 2018இல் அதே எச்.ஜி.டி.வி. 35 இலட்சம் டொலருக்கு அதை வாங்கி, பொய்யான உள்ளறைகளை மெய்யாகக் கட்டி, 2019இல் அதையும் ஒரு தொடராக்கியது. இரசிகனின் ஏமாற்றத்துக்கு இதைவிட விலையுயர்ந்த ஆறுதல் கிடையாது!

இன்னொரு நியாயமும் கைவசம் இருந்தது. 2003 முதல் 2012 வரை ஏ.பி.சி.யில் வந்த 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' ஏழை, நோயாளிக் குடும்பங்களுக்கு ஒரே வாரத்தில் பெரும் வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. பின்னர் வரியும் மின்கட்டணமும் தாங்காமல் சிலர் திணறினார்கள். சிலர் கடனில் வீட்டையே இழந்தார்கள். கமரா போன பின்பும் யாரோ தேடிப் போனதால்தானே இது வெளியே வந்தது? உண்மைதான். ஆனால் அந்தத் தேடல் தொலைக்காட்சியிடம் கணக்குக் கேட்டது. எனது தேடலோ ஒரு குடும்பத்திடம் கேட்டது. கேட்டதும் என்ன? குசினி அலுமாரிகள் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கின்றனவா என்று!

அந்தத் தெருவில் மங்கலாகியிருந்தது அந்த ஒரு வீடு மட்டும்தான். ஆகவே மறைக்கக் கேட்டதே அதைக் காட்டிக் கொடுத்தும் விட்டது. நான் விலகினேன், ஆனால் உடனே அல்ல. பக்கத்து வளவுப் பக்கமாகக் கோணத்தை மாற்றினால் கூரையாவது தெரியுமா என்று இன்னும் இரண்டு தடவை முயன்ற பின்னரே கணினியை மூடினேன்.