களாவின் பெறுமானம்

'மதிப்பு' என்ற சொல்லைப் பகலில் ஓர் அர்த்தத்திலும் இரவில் வேறோர் அர்த்தத்திலும் உபயோகித்து வருகிறேன். வங்கியில் அது ஒரு தொகை. விமர்சனத்தில், தொகையாக மாற மறுக்கும் ஏதோ ஒன்று. இவ்விரு அர்த்தங்களும் எங்கள் பக்கத்தில் மோதிக்கொள்ளும் இடம் களாச்செடி.

புளியங்குடி எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். எலுமிச்சைத் தோட்டக்காரருக்குப் பயிர்க்கடன் உண்டு. மேற்கே மலையடிவாரப் புதர்க்காட்டில் தானாக முளைக்கும் களாவுக்கு எந்தப் பேரேட்டிலும் இடமில்லை. அது மண்டிய பட்டா நிலம் கணக்கில் வெறும் தரிசு. எலுமிச்சைக்கும் முள் உண்டுதான். ஆனால் முட்செடி என்று நாம் ஒதுக்குவது களாவை.

களாவுக்காகப் பேசுகிறவர்கள் அதன் உபயோகங்களை அடுக்குகிறார்கள். காய் ஊறுகாய்க்கு ஆகும். கறுத்துப் பழுத்தால் பிள்ளைகளும் ஆடு மேய்ப்பவர்களும் தின்பார்கள். முள் வேலியாகும். கொண்டைக்குருவி பழத்தைத் தின்று விதையை வேறிடத்தில் போடும். எல்லாம் உண்மை. ஆயினும் இந்த வாதம் எதிராளியின் தராசையே இரவல் வாங்குகிறது. 1997இல் ராபர்ட் கோஸ்டான்ஸாவும் சகாக்களும் உலகத்து இயற்கையின் சேவைகளுக்கு ஆண்டுக்குச் சுமார் 33 லட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். நோக்கம் நல்லதே. ஆனால் விலை சொல்லிவிட்ட பிறகு, அதற்கு மேல் தருகிறேன் என்று ஒருவன் வந்து நின்றால் நம்மிடம் பதில் இல்லை.

பழைய மரியாதையும் இப்படித்தான். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து பாடும் சேரனுக்குக் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் என்று பெயர். உரிய கண்ணியும் முடியும் கிட்டாதபோது களங்காயையும் நாரையும் சூடினான் என்று காரணம் சொல்வார்கள். அரசன் தலையில் ஏறியபோதும் களா வேறொன்றுக்குப் பதிலாகத்தான் ஏறிற்று.

பழம் குருவிக்குச் செடி தரும் கூலி என்பதும் நம் பேரேட்டு மொழிதான். குருவிக்கு அது பசி தீர்க்கும் பழம். செடிக்கு அடுத்த தலைமுறை. நாம் மதிப்பிடுவதற்கு வெகுகாலம் முன்பே அவற்றுக்குள் அது பொருட்படுத்தப்பட்டிருக்கிறது. மதிப்பு நாம் வழங்குவதல்ல, பல சமயம் நாம் கண்டுகொள்ளாதது என்றே எனக்குப் படுகிறது.

இதனால் களாவை வெட்டி எலுமிச்சை நடும் சிறு விவசாயியைக் குற்றவாளியாக்க நான் தயாரில்லை. அவருக்கும் வயிறு உண்டு. அவர் வெட்டலாம். ஆனால் வெட்டுவது தரிசை அல்ல, வேறொன்றின் சாப்பாட்டை என்று தெரிந்து வெட்ட வேண்டும். தரிசு என்ற சொல் அந்தத் தெரிதலைத்தான் அவரிடமிருந்து பறித்துவிடுகிறது. கடன் மனுக்களில் அந்தச் சொல்லைத் தினமும் எழுதுகிறவன் நான்.