சாவும் சில அட்டைகளும்

சாவை ஏற்றுக்கொண்டவன்தான் அர்த்தத்தோடு வாழ முடியும் என்று நம்மில் பலர் எழுதிவருகிறோம். டால்ஸ்டாயின் இவான் இலியிச் (1886) கடைசியில் காணும் வெளிச்சம் இதற்குச் சாட்சியாக வரும். எனக்கு அந்த வெளிச்சத்தின் மேல் சந்தேகம் உண்டு.

செகாவ் டாக்டர். 1884இல் இருமலில் ரத்தம் வந்தபோது அதன் பொருள் அவருக்குத் தெரியாமலிருக்க முடியாது. ஆனாலும் 1897வரை க்ஷயம் என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. இதை ஏற்பு என்று யார் சொல்வார்கள்? இடையில், 1890இல், சைபீரியாவைக் கடந்து சகாலின் தீவுக்குப் போனார். குடிசை குடிசையாக ஏறியிறங்கி, அங்கே வாழ்ந்த கைதிகளின் பெயர், வயது, பிறந்த ஊர், எழுத்தறிவு எல்லாவற்றையும் ஆயிரக்கணக்கான அட்டைகளில் பதிவு செய்தார். சிலருக்குத் தம் வயதே தெரியவில்லை.

வங்கியில் பகல் முழுக்கப் படிவங்களோடு கிடப்பவன் நான். அந்த வேலையில் தரிசனம் ஏதும் கிடையாது. ஒருவனுடைய வயது தப்பாக விழுந்துவிடக் கூடாதே என்ற கவலைதான். சாவோடு சமாதானமாகாமலேயே செகாவுக்கு அந்தக் கவலை சாத்தியமாயிற்று. 44 வயதில், 1904இல் இறந்தார்.

நம் கவிதைகளில் சாவு அடிக்கடி வருகிறது. வயது விசாரிக்கப்பட்ட ஒரு ஆள் அநேகமாக வருவதில்லை.