இரண்டு நரகங்களும் ஒரு தெருவும்

‘என் இனிய இயந்திரா’வை எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய சுஜாதா, கதையை 2021இல் நடத்தினார். நாடு ஜீவா என்ற சர்வாதிகாரியின் கையில். ஆளுக்கு இரண்டெழுத்தில் பெயர். பிள்ளை பெற அரசு அனுமதிக்க வேண்டும். நிலாவுக்கு அந்த அனுமதி கிடைக்கும் செய்தியோடு கதை தொடங்குகிறது. அவள் மகிழ்கிறாள். நாவலின் பயங்கரம் அந்த மகிழ்ச்சியில்தான் இருக்கிறது.

நாக் அஸ்வின் இயக்கி 2024 ஜூனில் வெளிவந்த ‘கல்கி 2898 ஏடி’ படத்தில் உலகமே அழிந்துவிட்டது. மிஞ்சிய கடைசி நகரம் காசி. கங்கை வறண்டு கிடக்கிறது. இங்கேயும் கண் கருப்பையின் மேல்தான். பெண்களை ஆய்வுக்கூடத்தில் கருத்தரிக்க வைத்து, கருவிலிருந்து சாறு எடுக்கிறார்கள். தீபிகா படுகோன் ஏற்ற பாத்திரத்துக்கு முதலில் பெயர்கூட இல்லை. ‘சம்-80’ என்ற எண்தான்.

ஆக, மனிதரை எண்ணாகவோ இரண்டெழுத்தாகவோ சுருக்குவதில் இரண்டும் ஒன்று. ஆனால் படத்தில் கொடுமைக்கு ஒரு முகம் இருக்கிறது, அது கமல்ஹாசனுடையது. எதிர்த்து நிற்க அமிதாப் பச்சனின் அஸ்வத்தாமா இருக்கிறார். அவதாரத்துக்கு இரண்டாம் பாகம்வரை பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நாவலிலோ ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்று கடைசியில் தெரிகிறது. பிம்பத்தோடு யார் சண்டை போடுவது?

அழிவு, அளவுமீறிய ஒழுங்கு என்ற இந்த இரண்டு நிலைமைகளையும் ஓரளவு கண்ட ஊர் பினாங்கின் ஜார்ஜ் டவுன். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தபோது, ஆங்கில ஆட்சியாளர்கள் ஐரோப்பியரை மட்டும் கப்பலேற்றி அனுப்பிவிட்டுத் தாங்களும் கிளம்பினார்கள். அரசே இல்லாத ஊர். திரைப்பட விதிப்படி மனிதர் மனிதரைத் தின்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ ஆசிரியரான இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து, பல இனத்தவரையும் சேர்த்து ஒரு குழு அமைத்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலக் கொடியை இறக்கினார். குண்டுவீச்சை நிறுத்தும்படி வானொலியில் ஜப்பானியருக்குச் சொன்னார். அவதாரம் எதுவும் வரவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியர் வந்தார். டிசம்பர் 19 அன்று நுழைந்த ஜப்பானியர் பின்னர் அவரையே சிறையில் அடைத்தார்கள்.

சுஜாதா குறித்த 2021 கோட்டைக்கு எட்டும் தூரத்திலுள்ள லிட்டில் இந்தியாவுக்கும் வந்தது. கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அந்த ஜனவரியில் பினாங்கில் மறுபடி அமலானது. எந்நேரமும் பாட்டு முழங்கும் லெபு பசாரில், கடை வாசல்தோறும் கியூஆர் குறியீடு ஒட்டிய அட்டை, கைகழுவும் திரவம், நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி. கைப்பேசி இல்லாத பாட்டிகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்: பெயர், தொலைபேசி எண், வெப்பநிலை, நேரம். அரைக் கிலோ மல்லித்தூளுக்கு இத்தனை வரலாறு.

இதை ஜீவாவின் ஆட்சியோடு ஒப்பிடுவது அநியாயம். கொள்ளைநோய் உண்மை, கட்டுப்பாடு உயிர்களைக் காத்ததும் உண்மை. காரணம் சொன்னார்கள், கட்டாயப் பதிவை 2022 மே முதல் தேதி விலக்கவும் செய்தார்கள். யோசிக்க வேண்டியது நாம் பழகிப்போன வேகத்தை. சில வாரங்களிலேயே, யாரும் கேட்காமலே கை சட்டைப்பைக்குப் போனது. அந்த நோட்டுப் புத்தகங்கள் பிறகு யார் கைக்குப் போயின என்று வாசலில் நின்று கேட்டவர் அபூர்வம். உள்ளே விட்டார்களே என்ற நிம்மதி நமக்குப் போதுமானதாக இருந்தது. நிலாவின் மகிழ்ச்சிக்கு இது தூரத்து உறவு.

அழிவைக் காட்டும் படங்களுக்குக் கூட்டம் சேர்வதில் வியப்பில்லை. அந்தப் பாழில் நாம் குற்றவாளிகள் அல்லர், பலியானவர்கள். ஒழுங்கைக் காட்டும் நாவல் அந்தச் சலுகையைத் தருவதில்லை. அதில் வரிசையில் நிற்பது நாமேதான். ஊர் இடிந்தால் எழுந்து நிற்க மனிதருக்குத் தெரியும் என்பதற்கு 1941 சாட்சி. ஒழுங்கு அளவுமீறும்போது கண்டுகொள்ளத் தெரியுமா என்பதற்கு இன்னும் சாட்சி இல்லை.

அடுத்த முறை வாசலில் பெயர் கேட்டால் கொடுங்கள். எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.