கப்பல் டிக்கெட்

1931இல் பிரிட்டன் தன் வேலையற்றவர்களின் உதவித்தொகையை 10 சதவீதம் வெட்டியது. பெரும் கொந்தளிப்பு. அதே ஆண்டுகளில் ரப்பர் விலை விழுந்து, சிலாங்கூர் தோட்டங்களில் கூலியும் விழுந்தது. இங்கே வேலை போனவனுக்குக் கிடைத்தது உதவித்தொகை இல்லை, இந்தியாவுக்கு இலவசக் கப்பல் டிக்கெட். ஆள் போய்ட்டா வேலையின்மையும் போச்சு, கணக்கு சுத்தம்! (சிஸ்டத்தின் எல்லையைச் சுருக்கி வரைந்தால் எந்த நஷ்டத்தையும் மறைக்கலாம். எஞ்சினியர்களுக்குத் தெரிந்த வித்தைதான்.)

1936இல் ஜாரோ நகரத்து வேலையற்றவர்கள் லண்டன் வரை நடந்தார்கள். யாரும் சுடவில்லை, அவர்களிடம் ஓட்டு இருந்தது. 1941இல் கிள்ளானில் தொடங்கிய தோட்ட வேலைநிறுத்தம் என்ன கேட்டது? சீனர்களுக்கு இணையான கூலி. கள்ளுக்கடையை மூடுவது. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமலிருக்கும் உரிமை. ஹிட்லருக்கு எதிராகச் சுதந்திரத்துக்குப் போரிட்ட அதே அரசு ஆர்.எச். நாதனை நாடுகடத்தி, ராணுவத்தை இறக்கியது. தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

போர்க்காலம், ரப்பர் அவசரம் என்று சமாதானம் சொல்லலாம். சைக்கிளில் உட்கார்ந்திருந்தால் ரப்பர் குறைந்துவிடுமா? முப்பதுகளின் நெருக்கடியிலிருந்து பிரிட்டிஷ் ஜனநாயகம் தப்பியது உண்மைதான். தப்பியதன் செலவை ஓட்டில்லாதவன் தலையில் கட்டியது.

இன்று கோலசிலாங்கூர் செம்பனைத் தோட்டங்களில் வங்காளதேசிகள், இந்தோனேசியர்கள். வேலை குறைந்தால் பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும். இப்போது ஓட்டு நம்மிடம் இருக்கிறது. ஆனாலும் தேர்தல் நேரத்தில் நம் வீடுகளில் அவர்களைப் பற்றி யார் பேசுறாங்க?