படியாத புத்தகம் யாருக்கு உரியது?

படித்து முடியாத நூல்கள் அலமாரியிற் குவிந்திருக்க, மேலும் வாங்குவது முறையா என்று வாசகப் பிரியர் பலர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வதுண்டு. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த செனெக்கா என்னும் அறிஞர், ஆயுள் முழுதும் முயன்றாலும் தலைப்புகளைக்கூடப் படித்து முடியாத அளவுக்கு நூல் சேர்ப்போரைக் கடிந்தெழுதினார். கணக்கும் அவர் பக்கமே நிற்கிறது. வாரத்திற்கு ஒன்றாக 30 ஆண்டு படித்தாலும் 1,560 நூல்களே முடியும். செக்ரோல் எழுதிக் களைத்த கண்களுக்கு அதுவும் பேராசைதான்!

எனினும், வாங்குவதைக் குற்றமென்று கூற என் மனம் ஒப்பவில்லை. 1880-ஆம் ஆண்டில் சேலம் இராமசாமி முதலியார் வினவும்வரை, உ. வே. சாமிநாதையர் போன்ற புலவரே சீவகசிந்தாமணியைப் படித்ததில்லை. படிப்பார் அருகியிருந்த காலத்தும் அதன் ஏடுகளைப் பலர் காத்து வைத்து, கேட்டபோது கொடுத்தமையால் அன்றோ, 1887-இல் அது அச்சேறியது?

கேட்டபோது கொடுத்தார்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளையொருவன் வந்து ஒரு நூலைக் கேட்கையில், "நானே இன்னும் படிக்கவில்லையே" என்று அலமாரியைப் பூட்டுவது எவ்வகையில் நியாயம்? 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்த எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டென்றார். விலை கொடுத்தவரே அவ்வாசகர் என்று விதிக்கவில்லை. இரவல் போன புத்தகம் அட்டை கிழிந்து வரும். சில வேளை வராமலே போகும். முதலிற் படிக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டென்பதையும் மறுக்கவில்லை. ஆனால், அவ்வுரிமைக்கு ஓராண்டுக் கெடு போதும். அதன்பின்னும் விரிக்கப்படாத நூலைக் கேட்டவர் கையிற் கொடுத்து, அவர் திருப்பிய பிறகு நாம் படிக்கலாம்.